கஞ்சா: மருந்தும் மயக்கும்

சிவபெருமானுக்கு உவந்ததென்று சொல்லிக் கஞ்சாவைப் புகைப்பாரும், நோய் தணிக்கும் பொருட்டு அதனை நாடுவாரும் நெடுங்காலமாக இந்நாட்டில் உளர். இவ்விரு திறத்தாரையும் ஒன்றாக வைத்தெண்ணுதல் பொருந்தாது என்பதனை அம்மூலிகையின் வரலாறே காட்டும்.

கல்கத்தா மருத்துவக் கல்லூரி ஆசிரியராயிருந்த ஓஷாக்னெஸி என்னும் அயர்லாந்து நாட்டு வைத்தியர், நம் நாட்டு வைத்தியர்பால் அதன் குணங்களைக் கேட்டறிந்து, முதலில் விலங்குகளுக்கும் பின் நோயாளிகளுக்கும் கொடுத்துச் சோதித்து, 1839-இல் தாம் கண்டவற்றை வெளியிட்டார். வாத நோயினர், வாந்திபேதி கண்டார், இசிவு நோயினர் ஆகியோர்க்கு அம்மருந்து கொடுக்கப்பட்டது. நாய்க்கடி விஷமேறிய ஒருவர் உயிர் பிழைத்திலர். எனினும் அவர்தம் வேதனை தணிந்தது. பிறந்து 40 நாளே ஆன ஒரு குழந்தையின் வலிப்பு நீங்கிற்று. இதன் பின்னரே மேனாட்டு வைத்தியர் இதனைப் பெரிதும் கையாளலாயினர்.

1893-இல் இந்திய அரசாங்கத்தார் இதனை ஆராய எழுவர் அடங்கிய குழு ஒன்றை அமைத்தனர். அக்குழுவினர் 1,193 சாட்சிகளை விசாரித்து, 1894-இல் அறிக்கை தந்தனர். உழைப்பாளிகள் களைப்பு நீங்கவும், பரதேசிகள் சிவன்பேரைச் சொல்லியும், வைத்தியர் மக்கட்கும் கால்நடைக்கும் மருந்தாகவும் இதனைக் கொள்ளுதல் அதனால் தெளிவாயிற்று. அளவோடு கொள்வார்க்குப் பெருந்தீங்கு இல்லை என்றும், அளவு மிகின் கேடுண்டு என்றும் அவர் முடிவு செய்தனர்.

1964-இல் இஸ்ரேல் நாட்டு அறிஞராகிய மெக்கூலம் என்பாரும் அவர்தம் துணைவரும் இதன்கண் மயக்கந்தரும் பொருளைப் பிரித்தறிந்தனர். மயக்காத பொருள் வேறொன்றும் இதில் உளது. குழந்தைகட்கு வரும் கொடிய வலிப்பு நோய் சிலவற்றிற்கு அப்பொருளாலாய மருந்தை 2018-இல் அமெரிக்க அரசாங்கத்தார் ஏற்றனர். கல்கத்தாவிற் கண்ட குறிப்பு ஏறத்தாழ 180 ஆண்டுகளின் பின் இங்ஙனம் உறுதிப்பட்டது. புற்றுநோய் மருந்தால் எழும் வாந்திக்கும், நரம்பு நோயால் வரும் தசையிறுக்கத்திற்கும் மயக்குபொருளே அளவறிந்து மருந்தாகக் கொடுக்கப்படுகின்றது. நம் நாட்டில் 1985-ஆம் ஆண்டுச் சட்டம் இதன் பூங்கொத்தையும் பிசினையும் உரிமமின்றி வைத்திருத்தலைக் குற்றமாக்கி, மருத்துவத்திற்கு வழி விட்டுள்ளது.

'சிவமூலி என்னும் பெயர் வழங்குதலின் இது சிவவழிபாட்டிற்கு உரியதன்றோ?' எனின், அன்று. பெயர் வழக்கு பிரமாணமாகாது. திருமந்திரத்து முதற்றந்திரத்தில் கள்ளுண்ணாமை என ஓர் அதிகாரமே உளது. ஆணவவிருளில் அழுந்திய உயிர்க்கு மாயையின் காரியமாகிய உடலும் கருவிகளும் விளக்குப்போல உதவும் என்பது சித்தாந்தம். நோய் அவ்விளக்கைத் தடுமாறச் செய்வது. மருந்து அதனைத் திருத்துவது. வெறி அதனை அவிப்பது. ஆகலின், வலிப்புற்ற மகவிற்கும் வலியால் துடிப்பார்க்கும் தக்க வைத்தியர் அளந்து தரும் மருந்தை 'போதை' என்று இகழ்தல் அருளுடைமையன்று. அம்மருந்தையே காட்டி வெறிக்குச் சிவநாமத்தை மறைப்பாக இடுதல் சிவநிந்தையேயாம். சிவானந்தம் அறிவு விளங்கப் பெறுவதன்றி, அறிவு மயங்கப் பெறுவதன்று.

சிவம்.