உப்புத்தாள் தேய்ப்பு (மரச் சித்திர வேலைப்பாடுகள்)

உப்புத்தாள் தேய்ப்பு என்பது, ஏற்கெனவே வண்ணம் பூசிய மரத்தின்மேல் மறுவண்ணம் அடிப்பதற்கு முன் சொரசொரப்பான தாளால் அதன் மேற்பரப்பைத் தேய்த்துப் பதப்படுத்தும் வேலை. நிலைவாசல், சன்னல் சட்டம், தூணின் போதிகை, இறவாணத்து விளிம்புப் பலகை ஆகியவற்றில் புடைப்பும் குழிவுமாக ஓடும் சித்திர வரிகளில் இந்த வேலைக்குத் தனி நெறி வேண்டியிருக்கிறது. தட்டைப் பலகையில் கை சற்று அழுந்திப்போனாலும் பெரிய இழப்பில்லை. சித்திர வரியில் அதே அழுத்தம் ஆசாரி உளியால் வைத்த வடிவத்தையே கொண்டுபோய்விடும். பழைய வண்ணத்துக்கும் புது வண்ணத்துக்கும் இடையே பிடிப்பை உண்டாக்குவது ஒன்றே உப்புத்தாளின் வேலை. வண்ணத்தைக் களைவதும் வடிவைத் திருத்துவதும் வேறு கருவிகளுக்கு உரியவை. தமிழக எல்லையை ஒட்டிக் கிடக்கும் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் பழைய வீடுகளை முதன்மைச் சான்றாக வைத்து இக்கருத்து இங்கே விளக்கப்படுகிறது.

பாலக்காட்டுக் கணவாய் வழியே தமிழ்நாட்டிலிருந்து வந்து குடியேறியவர்களின் அக்கிரகாரங்கள் மரவேலைக்குப் பேர்போனவை. அவற்றுள் முதலிடம் கல்பாத்திக்கு. அங்குள்ள விசுவநாத சுவாமி கோயில் 1425-இல் எழுந்தது; ஐப்பசித் தேர் ஊரறிந்தது; கேரள அரசு இதைப் பாரம்பரியக் கிராமமாக அறிவித்திருக்கிறது. பொதுச்சுவரை இடையில் வைத்து வரிசையாக நிற்கும் இவ்வீடுகளில் தெருவைப் பார்த்த முகப்பு குறுகியது. ஆகவே வீட்டின் அழகெல்லாம் திண்ணைத் தூணிலும் நிலைவாசலிலும் குவிந்தது. மரத்துக்கும் குறைவில்லை. கொச்சி சமஸ்தானத்தின் காட்டு டிராம் 1907 முதல் 1963 வரை பறம்பிக்குளத்துத் தேக்கையும் ஈட்டியையும் சாலக்குடிக்கு இறக்கியது. ஆறரை மீட்டருக்கு மேல் சுற்றளவுள்ள கன்னிமாரா என்னும் தேக்குமரம் இன்றும் அந்தக் காட்டில் நிற்கிறது. தேக்கில் இயற்கையாகவே எண்ணெய்ப் பசை உண்டு. அதுதான் கரையானையும் ஈரத்தையும் தடுக்கிறது, வண்ணம் ஒட்டுவதற்கும் அதுவே தடை. பழைய பூச்சைத் தாண்டி வெறும் மரம் வரை தேய்த்தவர், நன்றாக ஒட்டியிருந்த ஒரு பரப்பை அழித்து ஒட்டாத பரப்பை வெளியே கொண்டுவருகிறார். இடுக்கிப் பக்கம் மூணாறு, பீருமேடு தேயிலைத் தோட்டங்களின் பங்களாக்களில் ஐரோப்பியச் சாயல் கொண்ட சன்னல் விளிம்புகளைக் காணலாம். வடிவம் வேறானாலும் தேய்ப்பின் சிக்கல் ஒன்றே.

சித்திர வரிகளின் வகைப்பாட்டை அறியாமல் தேய்ப்பைப் பேச முடியாது. மயமதம், மானசாரம் முதலிய சிற்ப நூல்கள் கோயிலின் அடித்தளமான அதிட்டானத்தை உபானம், சகதி, குமுதம், கண்டம், பட்டிகை, வாசனம், கபோதம், பத்மம் என்று உறுப்பு உறுப்பாகப் பிரிக்கின்றன. குமுதத்திலும் உருண்டு புடைத்தது வட்டக் குமுதம், பட்டை தீட்டியது முப்பட்டைக் குமுதம். கேரளத்தில் பதினைந்தாம் நூற்றாண்டின் தந்திரசமுச்சயம் கோயிலுக்கும், பதினாறாம் நூற்றாண்டில் திருமங்கலத்து நீலகண்டன் மூசத் இயற்றிய மனுஷ்யாலய சந்திரிகை வீட்டுக்கும் அளவு வகுத்தன. கல்லில் ஒரு முழ உயரத்துக்கு எழும் அதே வடிவங்களை மரத்தில் ஒரு விரல் அகலத்துக்குச் சுருக்கியதே தச்சர் கைத்திறன். நிலையின் உள்விளிம்பிலிருந்து வெளியே வந்தால் மெல்லிய பட்டிகை, அதையடுத்து உருண்ட குமுதம், பிறகு குழிந்த கண்டம், கடைசியில் இதழ் விரிந்த பத்மம் என்று வரிகள் அடுக்கடுக்காகச் செல்லும். மேலைநாட்டுத் தச்சு நூல்கள் கால்வட்டம், குழிவட்டம், இரண்டும் சேர்ந்த இரட்டை வளைவு என்று பிரிப்பதும் அடிப்படையில் இதுவே.

வண்ணக்காரருக்கு இந்தப் படிப்பு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. ஒவ்வொரு உறுப்பும் ஒவ்வொரு விதமாகத் தேய்கிறது என்பதே அவர்களுக்கு விடை. குமுதத்தின் முதுகு முதலில் தாளில் படுவதால் அங்கே வண்ணம் போய் மரம் தெரியும்போது, அதற்கு அரை விரல் தள்ளியிருக்கும் கண்டத்தின் அடியில் பழைய பளபளப்பு அப்படியே இருக்கும். பட்டிகையின் இரண்டு கூர்விளிம்புகளும் நான்கைந்து இழுப்பிலேயே மழுங்கிவிடும். பத்மத்தில் இதழுக்கும் இதழுக்கும் நடுவிலுள்ள பள்ளத்தில் விரல் நுழையாது. விரல் போகாத இடத்துக்குத் தாளும் போகாது. ஒரே நம்பர் தாளை ஒரே அழுத்தத்தில் மேலிருந்து கீழ்வரை இழுப்பவர், வேண்டாத இடத்தில் அதிகமாகவும் வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லாமலும் தேய்த்திருப்பார். வண்ணம் பின்னர் உரியத் தொடங்குவதும் அந்தக் கண்டத்திலிருந்துதான்.

தேய்ப்புப் பொருள்களின் வரலாறும் இதையே உறுதி செய்கிறது. தாள் வருவதற்கு முன் நம் நாட்டில் இலைதான் இந்த வேலையைச் செய்தது. திருப்பராய்த்துறைக் கோயிலின் தலமரமான பராய், மலையாளத்தில் பருவ எனப்படுவது, சொரசொரப்பான இலை கொண்டது. மரத்தையும் தந்தத்தையும் மெருகிட அது பயன்பட்டது. கேரளத்தார் தேரகம் என்று சொல்லும் காட்டு அத்தியின் இலையும் அப்படியே. சப்பானில் சிலிக்கா மிகுந்த குதிரைவால் செடியின் தண்டையும், கடலோர நாடுகள் பலவற்றில் சுறாத்தோலையும் மரவேலையாளர்கள் கையாண்டார்கள். கடினமான பொருள் கிடைக்காததால் இலையைப் பிடித்தார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. வைரத்துக்கு அடுத்த கடினமுள்ள குருந்தக்கல் நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டிப் பகுதியிலேயே கிடைக்கிறது. அதன் பொடியை அரக்கில் குழைத்துச் சாணைச் சக்கரம் செய்து மணிகளைத் தீட்டவும் நம்மவர்கள் அறிந்திருந்தார்கள். அத்தனை இருந்தும் மரச் சித்திரத்துக்கு மெல்லிய இலையையே வைத்துக்கொண்டார்கள். வடிவம் உளியோடும் சுரண்டுதகட்டோடும் முடிந்துவிட்டது, அதன்பின் வருவது மேற்பரப்பை மெருகிடுவது மட்டுமே என்ற தெளிவு அவர்களிடம் இருந்தது. இலை வளைவோடு வளைந்து கொடுத்தது. வடிவத்தை அரிக்க அதற்கு வலுவில்லை.

பசை தடவிய தோலில் சிப்பித் தூளும் மணலும் விதைத்தூளும் ஒட்டிப் பயன்படுத்தும் முறை பதிமூன்றாம் நூற்றாண்டுச் சீனாவில் இருந்தது. தொழிற்சாலைத் தாளுக்கு வயது இருநூறுகூட ஆகவில்லை. இலண்டனில் ஜான் ஓக்கி 1833-இல் கண்ணாடித்தூள் தாள் செய்யத் தொடங்கினார். அமெரிக்காவில் ஐசக் ஃபிஷர் 1834-இல் காப்புரிமை பெற்றார். நீரில் நனைத்துத் தேய்க்கும் தாளை 1921-இல் திரீ எம் நிறுவனம் கொண்டுவந்தது. சென்னையில் 1954-இல் தொடங்கிய கார்போரண்டம் யுனிவர்சல் இன்று நம் கடைகளில் விற்கும் தாள்களைச் செய்யும் நிறுவனங்களில் ஒன்று. விறைத்த தாளும் கூரிய மணியும் சேர்ந்தபோது, மெருகிட மட்டும் பயன்பட்ட பொருள் அரத்துக்கு நிகரான வெட்டுக் கருவியாக மாறியது. மாறிய கருவியைப் பழைய கைப்பழக்கத்தோடு பயன்படுத்துவதுதான் இன்றைய சேதத்துக்குக் காரணம்.

அளவுகளைப் பார்த்தால் இது விளங்கும். எனாமல் ஒரு பூச்சு காய்ந்தபின் அதன் தடிமன் ஏறக்குறைய 30 முதல் 40 மைக்ரான். எண்பது நம்பர் தாளின் மணி சராசரி 200 மைக்ரான், நூற்றிருபதில் 125, நூற்றெண்பதில் 82, முந்நூற்றிருபதில் 46. எண்பதாம் நம்பர் மணி ஒரு பூச்சைப் போல் ஐந்து மடங்கு பருமன் என்றாகிறது. அது எடுக்கும் கீறல் ஒரு பூச்சோடு நிற்பதற்கு வழியே இல்லை. பிடிப்புக்கு வேண்டியது பளபளப்பு மங்கிய பரப்பு. அதற்கு நூற்றெண்பதும் இருநூற்றிருபதும் தாராளம். கைவிளக்கைச் சித்திரத்தின் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் மங்காத இடம் பளிச்சென்று தெரியும். அந்த இடத்தை மட்டும் மறுபடி தேய்த்தால் போதும்.

இதற்கு முதல் மறுப்பு வலுவானதுதான். பல தலைமுறை வண்ணம் ஏறி வரிகள் மூழ்கிவிட்டன, அழுத்தித் தேய்க்காமல் அவை எப்படி மீளும் என்பார்கள். கணக்கு வேறு சொல்கிறது. பத்துப் பூச்சும் சேர்ந்தாலும் அரை மில்லிமீட்டரை எட்டாது. சித்திர வரியின் ஆழமோ பெரும்பாலும் சில மில்லிமீட்டர். வரியை மூழ்கடித்தது வண்ணம் என்பதைவிட, ஒவ்வொரு முறையும் பள்ளத்தில் அப்பிய நிரப்புப் பட்டியும் வழிந்து உறைந்த எனாமலும் என்பதே சரி. அவற்றை வரியின் வளைவுக்கு ஏற்பத் தீட்டிய சுரண்டுதகட்டாலோ வண்ணம் கரைக்கும் பசையாலோ களைய வேண்டும். மேடு பள்ளம் இரண்டையும் சேர்த்தே தாள் குறைப்பதால் மூழ்கிய வரியை அது மீட்பதில்லை. காஸ்டிக் சோடாவைத் தேக்கில் பூசவே கூடாது. மரம் கறுத்துப்போகும், எஞ்சிய காரம் புது வண்ணத்தையும் கெடுக்கும்.

இரண்டாவது மறுப்பு வண்ணத் தொழிலிலிருந்தே வருவது. கூர்விளிம்பில் ஈர வண்ணம் விலகிப் படலம் மெலிவதால் வெடிப்பு முதலில் அங்கேதான் தோன்றும்; ஆகவே விளிம்பை மழுக்குவதே முறை என்கிறார்கள். உண்மைதான். புதுக் கதவு செய்யும்போது விளிம்பின் கூர்மையை இலேசாக ஒருமுறை எடுத்துவிட்டால் அந்தத் தேவை தீர்ந்தது. மறுவண்ணத்துக்கு மறுவண்ணம் அதையே திருப்பிச் செய்தால், பேரன் காலத்தில் பட்டிகையும் குமுதமும் ஒரே உருளையாகக் கலந்துவிடும். மூன்றாவது, தேய்ப்பே தேவையில்லை என்று டப்பாவில் அச்சிட்டு வரும் பிரைமர்கள். அவை ஒட்டுவதும் சுத்தமான பரப்பில்தான். நம் வீட்டு நிலைப்படியில் மஞ்சளும் குங்குமமும், நெற்றிப்பலகையில் விளக்குப் புகையும், கதவில் கைபட்ட எண்ணெயும் படிந்திருக்கும். தேய்ப்பதற்கு முன் சோப்புநீரால் துடைத்துக் காயவிடாவிட்டால் அந்த எண்ணெயைத் தாள் கீறலுக்குள் ஏற்றிவிடும். தாளும் இரண்டு இழுப்பில் அடைத்துப் பயனற்றுப்போகும். கழுவாமல் தேய்ப்பதைவிடக் கழுவித் தேய்க்காமல் விடுவது மேல்.

கைமுறை எளியது. தாளை மூன்றாக மடித்தால் மணியுள்ள பக்கங்கள் ஒன்றையொன்று உராயாமல் நெடுநேரம் உழைக்கும். குழிவுக்கு அதே பருமனில் சீவிய குச்சியில் தாளைச் சுற்றிக்கொள்ள வேண்டும். குமுதத்துக்கு உள்ளங்கையின் மென்மையே தாங்குபலகை. இதழ்ப் பள்ளங்களுக்குப் பாத்திரம் துலக்கும் பச்சை நார்ப்பட்டை ஏற்றது, பராய் இலையின் இடத்தை இன்று நிரப்பக்கூடியது அதுவே. பருவமும் பார்க்க வேண்டும். காற்றின் ஈரப்பதம் 40 விழுக்காடாக இருக்கும்போது மரத்தில் 7 அல்லது 8 விழுக்காடு நீர் நிற்கும். 85 விழுக்காட்டில் அது 17, 18 ஆகும். மார்கழி, தை மாதங்களில் கணவாய் வழியே வீசும் வறண்ட கீழைக்காற்றில் பாலக்காட்டு மரம் சுருங்கி மூட்டுகள் வாய்திறக்கும். இடுக்கி மலையில் மழைமாதங்களில் அதே மரம் உப்பும். உப்பிய மரத்தைத் தேய்த்து அடித்த வண்ணம் வெயிலில் மூட்டோரம் வெடிக்கும். இடுக்கியில் மழையும் மூடுபனியும் ஓய்ந்த நாள்களே இதற்கு உகந்தவை.

தூசு தனிக் கவலைக்குரியது. வீட்டு வண்ணங்களில் காரீயம் பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற இந்திய விதி 2016-இல் வெளியாகி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய எனாமல் எதிலும் காரீயம் இருக்கலாம் என்று கருதியே வேலை செய்ய வேண்டும். காரீயத்தால் மிகுந்த கேடு சிறு குழந்தைகளுக்கு. அது அவர்களின் மூளை வளர்ச்சியையே பாதிக்கிறது. திண்ணையில் உதிரும் தூசு அவர்கள் கையிலும் வாயிலும் போய்ச் சேரும். மரத்தூசைப் புற்றுநோய் விளைவிக்கும் பொருளாக உலக நலவாழ்வு அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் வகைப்படுத்தியிருக்கிறது. தேக்குத் தூசு தோலிலும் அரிப்பை உண்டாக்கும். தெருவெல்லாம் தூசு பறக்க உலர்தேய்ப்பு செய்வது, குறிப்பாக முகமூடியில்லாத கூலித்தொழிலாளியை அதில் நிறுத்துவது, தவிர்க்க முடிந்த கேடு. பூச்சு முழுமையாக உள்ள இடங்களில் தாளை நனைத்துத் தேய்க்கலாம். மரம் வெளித்தெரியும் இடங்களில் நீர் பட்டால் நார் எழும்பும் என்பதால் அங்கே மட்டும் மெதுவாக உலர்தேய்ப்பு செய்து, தூசை ஈரத்துணியால் எடுத்துவிட வேண்டும்.

தற்போது மின்தேய்ப்பான்கள் பெருகிவிட்டன. அழுத்துமரத்தில் ஆயத்தமாக வரும் விளிம்புகளும் கடைகளில் கிடைக்கின்றன. மின்தேய்ப்பான் தட்டைப் பலகைக்கு உரியது. 2017 நவம்பருக்கு முன் வண்ணம் கண்ட சித்திர நிலை எதன்மேலும் அதை வைக்கக் கூடாது.