ஏடும் மின்னேடும்

ஹிஜ்ரி 6, 7ஆம் நூற்றாண்டுகளில் திமிஷ்க் நகரின் சபைகளில் ஹதீஸ் நூல்கள் ஓதிக் காட்டப்பட்டன. ஓதியவர், செவிமடுத்தோர், இடம், நாள் ஆகியவை அந்நூலின் காகித ஏட்டிலேயே ‘ஸமாஃ’ எனும் சான்றாகப் பதியப்பட்டன. அறிஞர்களோடு பெண்களும் சிறுவர்களும் கைவினைஞர்களும் அவற்றில் இடம்பெறுகின்றனர். அன்னார்க்கு நூல் என்பது வெறும் வாசகமன்று; அதனைக் கேட்டோரின் சாட்சியமுமாகும்.

இன்று ‘மக்தபா ஷாமிலா’ போன்ற மின்னூலகங்கள் பெரும்பாலும் அச்சுப் பதிப்பின் வாசகத்தையே தாங்கி நிற்கின்றன. வேண்டிய சொல்லை நொடியில் தேடித் தருவதால் நாம் பெறும் பயன் பெரிது. ஆயினும் அவ்வாசகத்தில் கேட்டோர் பெயர்கள் பெரும்பாலும் இல்லை. ஏட்டின் ஒளிப்படத்தையும் ஸமாஃ பதிவுகளையும் வாசகத்தோடு இணைத்தாலன்றி, இஸ்னாதைப் போற்றிய சமுதாயமாகிய நாம் நம் சாட்சிகளையே இழந்தவராவோம்.