பிறந்தநாள் ட்ரீட்: எந்த பாருக்குப் போவது?

தூத்துக்குடியில் ஒரு கல்லூரி நண்பர்கள் கூட்டம். ஒருவனுக்கு 21 வயது முடிகிறது. உடனே வரும் கேள்வி: "ட்ரீட் எங்கடா?" பிரியாணி என்றால் ஐந்து நிமிடத்தில் முடிவாகிவிடும். பார் என்றால் பட்ஜெட், தூரம், வீட்டுக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயம் என்று பேச்சு நீளும். ஆனால் அந்தத் தேர்வில் பாதியை அரசாங்கம் ஏற்கெனவே செய்து முடித்துவிட்டது. எப்படி என்று தெரிய கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

கொற்கையும் கள்ளும்

இந்தக் கடற்கரைக்கும் மதுவுக்கும் உள்ள தொடர்பு பழையது. தூத்துக்குடிக்கு முன்னால் பாண்டியர்களின் முத்துத் துறைமுகமாக இருந்தது கொற்கை. யவனர்கள் கப்பலில் கொண்டுவந்த மதுவைப் பாண்டிய மன்னன் பொற்கிண்ணத்தில் அருந்தியதை புறநானூற்றின் 56-ஆம் பாடல் சொல்கிறது. அரசனுக்கு இறக்குமதிச் சரக்கு, சாதாரண மக்களுக்குக் கள்!

கள்ளுக்கு இங்கே பஞ்சமே இல்லை. தேரி மணலில் பனைமரம் தானாக நிற்கும். பானையின் உள்ளே சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாமல் விட்டால் புளித்துக் கள். ஒரே மரம், ஒரே பாளை. வித்தியாசம் சுண்ணாம்பு மட்டும்தான்.

வருமானம் வந்த கதை

ஆங்கிலேயர்கள் இதில் பணத்தைப் பார்த்தார்கள். 1886-ல் சென்னை ஆப்காரி சட்டம் வந்தது. கள்ளுக்கடை, சாராயக்கடை நடத்தும் உரிமை ஏலம் போனது, கஜானா நிறைந்தது.

1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். அப்படியானால் போன வருமானத்துக்கு என்ன செய்வது? அதற்காக 1939-ல் வந்ததுதான் சென்னை பொது விற்பனை வரிச் சட்டம். பி.காம் மாணவர்கள் மனப்பாடம் செய்யும் விற்பனை வரி, இங்கே மதுக்கடையை மூடியதால் பிறந்தது என்பது பலருக்குத் தெரியாது.

1948-ல் ஓமந்தூரார் ஆட்சியில் மதுவிலக்கு மாகாணம் முழுவதற்கும் வந்தது. அன்றைக்கு 21 வயதான ஒருவர் எந்த பார் என்று யோசிக்கவே முடியாது. பெர்மிட் வேண்டும், அதற்கு உடல்நலக் காரணம் காட்ட வேண்டும். இல்லையென்றால் கள்ளச்சாராயம்.

1971-ல் கருணாநிதி ஆட்சி மதுவிலக்கைத் தளர்த்தியது. 1974-க்குள் கடைகள் மறுபடி மூடப்பட்டன. 1981-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் திரும்பத் திறந்தன. 1983-ல் மொத்த விற்பனைக்காக டாஸ்மாக் தொடங்கப்பட்டது. 1987-ல் கள்ளுக்குத் தடை வந்து இன்றுவரை தொடர்கிறது. 2003 நவம்பரில் சில்லறை விற்பனையும் டாஸ்மாக் கைக்கு வந்தது. 2003-04-ல் சுமார் 3,600 கோடி ரூபாயாக இருந்த வருமானம், 2023-24-ல் 45,800 கோடியைத் தாண்டியது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. மதுவுக்குப் பதிலாக வந்த விற்பனை வரியின் பெரும்பகுதியை 2017-ல் ஜி.எஸ்.டி. விழுங்கிவிட்டது. குடிக்கும் மது மட்டும் ஜி.எஸ்.டி.க்கு வெளியே, மாநிலத்தின் கையில் நிற்கிறது. எந்தக் கட்சி வந்தாலும் கடையை மூடத் தயங்குவது ஏன் என்று இப்போது புரிகிறதா?

மிச்சம் உள்ள தேர்வு

ஆக, நம் நண்பர்களுக்கு இருப்பது இரண்டே வழி. ஒன்று, டாஸ்மாக் கடையை ஒட்டிய பார். அதை டெண்டர் எடுத்த தனியார் நடத்துகிறார். விலை குறைவு, ஆனால் இடவசதியும் சுத்தமும் அவரவர் அதிர்ஷ்டம். இன்னொன்று, உரிமம் பெற்ற ஹோட்டல் பார். ஏசி இருக்கும், உட்கார்ந்து பேசலாம், ஆனால் பில் எகிறும். இரண்டுக்கும் சரக்கு வருவது ஒரே டாஸ்மாக் குடோனில் இருந்துதான்! தேர்ந்தெடுப்பது நாற்காலியை மட்டுமே. பக்கத்துத் தேரியில் நிற்கும் பனையின் கள்ளைக் கேட்டால் அது குற்றம்.

21 என்பதும் சும்மா வந்த எண் அல்ல. தமிழ்நாட்டில் மது வாங்கச் சட்டப்படியான வயது அதுதான். கூட்டத்தில் ஒருவனுக்கு 20 என்றால் அவனுக்கு பாரில் இடமில்லை. பைக் ஓட்டுபவனுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது: 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் முதல் தடவையே 10,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். விபத்து நடந்தால் அந்தக் கணக்கை யாராலும் கட்ட முடியாது.

விலை குறைவு என்று கண்ட இடத்தில் குடிப்பதன் முடிவை 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி காட்டியது. மெத்தனால் கலந்த சாராயத்தில் 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

எனவே எந்த பார் என்று கேட்கும் முன், யார் குடிக்காமல் வண்டி ஓட்டப் போகிறார்கள் என்று கேட்பது நல்லது. அதற்கு யாரும் முன்வரவில்லை என்றால் பிரியாணிக் கடையே போதும். பிறந்தநாள் அடுத்த வருடமும் வர வேண்டுமே!