சட்டசபையில் சர்க்காரின் மறுமொழி

சர்க்கார் சட்டசபைக்கு விடை கூறும் வழக்கம் நம் நாட்டிற்கு எளிதில் வாய்த்ததன்று. 1861-ஆம் வருஷத்துச் சட்டத்தின்படி, சென்னைச் சட்டசபையார் தம்முன் வந்த மசோதாவைப் பற்றிப் பேசலாமேயன்றிச் சர்க்காரை வினவ இயலாது. வினவும் உரிமையை 1892-ஆம் வருஷத்துச் சட்டமே அளித்தது, அதுவும் அரைகுறையாகவே. முன்னறிவிப்புக் கொடுத்தல் வேண்டும். சர்க்காரின் மறுமொழி வந்தபின் அதன்மேல் விவாதமுமில்லை, துணைவினாவுமில்லை. வாய்திறக்கவிட்டு உடனே மூடச்செய்வது போன்றதன்றோ இது!

அச்சபையில் 1895-ல் நம் சேலம் சி. விஜயராகவாச்சாரியார் அங்கத்தினரானார். 1882-ஆம் வருஷத்துச் சேலம் கலகத்தின் பொருட்டுப் பத்து வருஷம் தீவாந்தர சிக்ஷை விதிக்கப்பெற்று, ஹைக்கோர்ட்டாரால் விடுதலையடைந்தவர் அவர். எவரைக் குற்றவாளியென்று கூண்டிலேற்றினரோ, அவர் இருந்த சபைக்கே அதிகாரிகள் விடை சொல்ல நேர்ந்தது. துணைவினாவுக்கு 1909-ஆம் வருஷத்துச் சட்டமே இடந்தந்தது. ஆச்சாரியார் அச்சபையை விட்டு நீங்கியதோ 1901-ல்.