பாடியிலிருந்து புதுப்பேட்டைக்கு, கல்கத்தா வழியாக

சென்னை பாடியில் இருக்கும் லூகாஸ் டிவிஎஸ் ஆலைக்கும் எழும்பூரை ஒட்டிய பழைய வாகனப் பாகச் சந்தையான புதுப்பேட்டைக்கும் நடுவே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். ஓர் அம்பாசிடர் ஆல்டர்னேட்டருக்கு இந்தத் தூரத்தைக் கடக்க இருபது வருஷம்கூட ஆகும். அதுவும் கல்கத்தாவைச் சுற்றிக்கொண்டுதான் வர வேண்டும்.

1961இல் இங்கிலாந்தின் லூகாஸும் டிவிஎஸ்ஸும் கூட்டாகத் தொடங்கிய நிறுவனம் லூகாஸ் டிவிஎஸ். நம் ஊர் வண்டிகளின் செல்ஃப் மோட்டாருக்கும் ஆல்டர்னேட்டருக்கும் பாதிப் பேர் பிறந்தகமாகச் சொல்வது பாடியைத்தான். அங்கே செம்புக் கம்பி சுற்றி, அலுமினியக் கூட்டுக்குள் அடங்கி, பெட்டியில் ஏறி 1,600 கிலோமீட்டருக்கு மேல் போனால் கல்கத்தாவை ஒட்டி ஹூக்ளிக் கரையில் உத்தரபாரா. 1957 முதல் 2014 மே மாதம் வரை இந்துஸ்தான் மோட்டார்ஸ் அம்பாசிடரைச் செய்த இடம்.

பழைய அம்பாசிடர்களில் டைனமோதான் இருந்தது. அதில் சுழலும் பாகமே மின்சாரத்தை உண்டாக்கும். அவ்வளவு மின்சாரமும் கார்பன் பிரஷ் வழியாகத்தான் வெளியே வர வேண்டும். பிரஷ் சீக்கிரம் தேயும். சிக்னலில் வண்டி நின்றால் சார்ஜும் நின்றுவிடும், ஹெட்லைட் மங்கும். ஆல்டர்னேட்டரில் இது தலைகீழ். நடுவில் சுழல்வது வெறும் காந்தம். மின்சாரம் பிறப்பது அசையாமல் சுற்றி நிற்கும் சுருளில். பிரஷ் வழியாகப் போவது அந்தக் காந்தத்தை எழுப்பத் தேவையான கொஞ்சம் மின்சாரம் மட்டுமே. சுருளில் மாறி மாறி வருவதை டயோடுகள் ஒரே திசைக்குத் திருப்பி பேட்டரிக்கு அனுப்பும். வேலை இவ்வளவுதான். தேய்வது பிரஷ், சத்தம் போடுவது பேரிங், சொல்லாமல் கொள்ளாமல் போவது டயோடு. மூன்றையும் மாற்றிக்கொள்ளலாம். கூடும் சுருளும் வண்டியை விட அதிக நாள் வாழும். இந்தக் கதையே அதனால்தான்.

நம் ஆல்டர்னேட்டர் ஓர் அரசு அலுவலக வெள்ளை அம்பாசிடரில் மாட்டப்பட்டுச் சென்னைக்குத் திரும்பியது என்று வைத்துக்கொள்வோம். அப்படித் திரும்பியவை ஏராளம். அதிகாரி மாறினார், டிரைவர் மாறினார், பெல்ட் மாறியது, இது மாறவில்லை. வண்டியின் தலையில் சுழன்ற விளக்குக்கும் மின்சாரம் கொடுத்தது இதுதான். அந்தச் சுழல் விளக்கை 2017 மே 1 முதல் கழற்றச் சொல்லிவிட்டார்கள். அதற்குள் பல அம்பாசிடர்கள் அலுவலக வளாகத்து வேப்பமரத்தடியில், காற்று இறங்கிய டயரோடு, கண்டம் செய்யப்பட்டுக் காத்துக்கிடந்தன. பிறகு ஏலம்.

ஏலத்தில் எடுத்தவருக்கு அது கார் அல்ல, பாகங்களின் கூட்டல் கணக்கு. முதலில் பேட்டரி, அப்புறம் கண்ணாடி, சீட்டு, கதவு. எஞ்சின் செயின் பிளாக்கில் தொங்கி வெளியே வரும். மிச்சக் கூட்டை கேஸ் கட்டர் துண்டு போடும். ஒரு நாள் வேலைகூட இல்லை. ஆல்டர்னேட்டர் மண்ணெண்ணெயில் குளித்து, புதுப்பேட்டையில் ஏதோ ஒரு கடையின் இரும்பு அலமாரியில் தன் இனத்தோடு உட்காரும். எதிலும் விலைச்சீட்டு கிடையாது. கடைக்காரருக்குத் தூரத்திலிருந்து பார்த்தாலே எது எந்த வண்டியுடையது, எந்த மாடல், எது எதற்குப் பொருந்தும் என்று தெரியும். எந்தப் புத்தகத்திலும் இல்லாத படிப்பு அது. இந்தத் தொழிலின் உண்மையான சரக்கு அதுதான் என்பேன்.

"அம்பாசிடர் ஆல்டர்னேட்டர் இருக்கா அண்ணே?"

"இசுசு பெட்ரோலா, டீசலா? ரெண்டுக்கும் பிராக்கெட் வேற சார்."

வாங்க வந்தவர் முதலில் புல்லியைக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். கரகரவென்றால் பேரிங் போய்விட்டது. மேலும் கீழும் ஆடினால் தண்டே தேய்ந்திருக்கிறது. பின்பக்கம் மூக்கை வைத்தால் கருகிய வார்னிஷ் வாசனை அடிக்கக் கூடாது. அடித்தால் சுருள் வெந்துவிட்டது. பெயின்ட் பளபளத்தால் இன்னும் கவனம் தேவை. நல்ல பழைய பொருள் கொஞ்சம் அழுக்காகத்தான் இருக்கும். விலையைப் பேசிக்கொள்ளுங்கள், அதற்கு முன் "ஓடலைன்னா மாத்தித் தர்றேன்" என்ற வார்த்தையை வாங்கிக்கொள்ளுங்கள். வண்டியில் மாட்டி, எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனையில் மீட்டர் வைத்தால் 14 வோல்ட்டை ஒட்டிக் காட்ட வேண்டும். 12ஐத் தாண்டவில்லை என்றால் சார்ஜ் ஏறவில்லை என்று அர்த்தம், திருப்பிக் கொண்டுபோக வேண்டியதுதான்.

மீட்டரில் தேறியதை மாட்டிக்கொண்டு, உத்தரபாரா மூடிய பிறகும் காரைக்குடிப் பக்கத்து வீட்டு முற்றத்தில் நிற்கும் ஓர் அம்பாசிடர் இன்னும் பத்து வருஷம் கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் போய்வரும். தேறாதது எடைக்குப் போகும்: செம்பு தனி, அலுமினியம் தனி, இரும்பு தனி. செம்புக்குத்தான் விலை.

புதுப்பேட்டையில் வண்டியை நிறுத்திவிட்டு டீ குடித்து வருவதற்குள் பிரித்து விற்றுவிடுவார்கள் என்பது சென்னையின் பழைய கேலி. நேர்மையாகக் கடை நடத்துபவர்களை அது எவ்வளவு புண்படுத்தும் என்று யாரும் யோசிப்பதில்லை. ஆனால் அந்தக் கேலிக்கு ஒரு வேர் இருக்கிறது. எஞ்சினுக்கும் சேஸிஸுக்கும் நம்பர் உண்டு, அது ஆர்.சி. புத்தகத்தில் ஏறியிருக்கும். ஆல்டர்னேட்டர் யாருடைய வண்டியில் ஓடியது என்பதற்கு எந்தப் பதிவும் கிடையாது. அதனால் அது கை மாறுவது சுலபம். வண்டி துண்டு துண்டாகப் போன பிறகும், காகிதத்தில் அது முழுசாக உரிமையாளர் பெயரிலேயே நிற்கும். அந்த நம்பரை வேறொரு வண்டியில் ஒட்டி யாராவது ஓட்டினால், போலீஸ் முதலில் தட்டுவது பழைய உரிமையாளரின் கதவைத்தான்.

அரசு வண்டிகளுக்கு 2023 ஏப்ரல் 1 முதல் வழி மாறிவிட்டது. 15 வருஷம் தாண்டியவை பதிவு பெற்ற உடைப்பு நிலையங்களுக்குத்தான் போக வேண்டும். தனியார் வண்டிக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 55ஆவது பிரிவு இருக்கிறது: வண்டி ஓட்ட முடியாதபடி அழிந்துவிட்டால் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவித்து ஆர்.சி.யை ஒப்படைக்க வேண்டும். வண்டியைப் பிரிக்கக் கொடுப்பவர்கள் பணத்தை எண்ணி வாங்குவதோடு நிற்காமல் இதையும் செய்துவிடுங்கள். பாகம் வாங்குபவர்கள் சின்னத் துண்டுச் சீட்டானாலும் பில் கேட்டு வாங்குங்கள்.