போர் முடிந்த பின் விழுந்த விமானம்

கேமரன் மலையின் தேயிலைச் சரிவுகளுக்கு அப்பால் தொடங்கும் காடு, தித்திவங்சா மலைத்தொடர் வழியே தெற்கில் நெகிரி செம்பிலான் வரை நீள்கிறது. ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் மலாயா மக்களின் ஜப்பான் எதிர்ப்புப் படையினருக்கு இந்தக் காடுகள்தாம் புகலிடம். பிரிட்டிஷாரின் 'ஃபோர்ஸ் 136' ரகசியப் படையினரும் அவர்களோடு மறைந்திருந்தனர்.

சாலை வழிகள் ஜப்பானியர் கையில். எனவே உணவு, மருந்து, ஆயுதம் எல்லாம் வானத்திலிருந்துதான் வரவேண்டும். நெடுந்தூரம் பறக்கும் நான்கு எஞ்சின் லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்கள் இதற்கு உதவின. குண்டுகள் இருந்த இடத்தில் பாராசூட் கட்டிய பெட்டிகள் ஏற்றப்பட்டன. பெட்டியைக் குறி பார்த்துப் போட விமானம் தாழப் பறக்க வேண்டும். மேகம் மூடிய மலையில் அது உயிரைப் பணயம் வைக்கும் வேலை.

பிரிட்டிஷ் விமானப்படையின் 356ஆவது ஸ்குவாட்ரன் 1944 ஜனவரியில் வங்காளத்தின் சல்போனியில் அமைக்கப்பட்டது. 1945 ஜூலையில் இந்துமாக்கடலின் கோகோஸ் தீவுக்கு மாறியது. அங்கிருந்து மலாயாவுக்கு ஒரு வழிப் பயணமே சுமார் 1,700 கிலோமீட்டர்.

1945 ஆகஸ்ட் 15ஆம் நாள் ஜப்பான் சரணடைவதாக அறிவித்தது. ஆனால் நேச நாட்டுப் படைகள் மலாயாவில் கரையிறங்கியது செப்டம்பரில்தான். இடைப்பட்ட நாட்களில் காட்டில் இருந்தவர்களைக் கைவிட முடியாது. ஆகஸ்ட் 23ஆம் நாள் கே.எல். 654 என்ற லிபரேட்டர், எட்டுப் பேருடன் அந்தப் பணிக்குப் புறப்பட்டது. திரும்பவில்லை. நெகிரி செம்பிலானின் தெலாப்பாக் பூரோக் மலையில் மோதி நொறுங்கியது. எட்டுப் பேரும் மாண்டனர். போர் ஓய்ந்து எட்டே நாட்கள்!

வீடு திரும்புவார்கள் என்று காத்திருந்த குடும்பங்களுக்குப் புதைக்க உடல்கூடக் கிடைக்கவில்லை. பல பத்தாண்டுகளுக்குப் பிறகே காட்டில் சிதைவுகள் கண்டறியப்பட்டு, எச்சங்கள் மீட்கப்பட்டன. 2012 அக்டோபரில் கோலாலம்பூர் செராஸ் சாலை போர்க் கல்லறையில் ராணுவ மரியாதையுடன் அவை நல்லடக்கம் செய்யப்பட்டன. 67 ஆண்டுகள் கழித்து ஓர் இறுதிச் சடங்கு!

இதைப் படிக்கும் தமிழர் நெஞ்சில் இன்னொரு நினைவும் எழும். அதே போரில், நம் தோட்டங்களிலிருந்து சயாம் மரண ரயில் பாதைக்கு அழைத்துச் செல்லப்பட்ட தமிழர்களில் பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. அவர்களில் பெரும்பாலோருக்குப் பெயர் பொறித்த கல்லறை கிடையாது.

அந்த எட்டு வீரர்களைத் தேடியவர்கள் ஒன்றைக் காட்டிவிட்டார்கள்: தேடுவதற்குக் காலம் கடந்துவிட்டது என்று எதுவும் இல்லை. வீட்டுப் பெரியவர்கள் சொல்லிச் சென்ற பெயர்களை எழுதி வைப்பதிலிருந்தாவது நாம் தொடங்கலாமே!