850 சொற்களும் 2,000 சொற்களும்

ஆங்கிலம் படிக்க வருகிறவருக்கு எத்தனை சொற்கள் போதும்? சென்ற நூற்றாண்டில் இரண்டு ஆங்கிலேயர்கள் இதற்கு இரண்டு பட்டியல்களைப் பதிலாகத் தந்தார்கள். சி. கே. ஆக்டன் கேம்பிரிட்ஜ்காரர், சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள உறவை ஆராய்ந்தவர். அவர் 1930-இல் வெளியிட்ட ‘பேசிக் இங்கிலீஷ்’ 850 சொற்களோடு நின்றுவிடுகிறது. மைக்கேல் வெஸ்ட் டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். 1953-இல் அவர் பதிப்பித்த ‘ஜெனரல் சர்வீஸ் லிஸ்ட்’டில் ஏறத்தாழ 2,000 தலைச்சொற்கள்.

பார்த்தவுடன் ஆக்டன் பக்கம்தான் மனம் சாயும். மொத்தப் பட்டியலையும் ஒரே தாளில் அச்சிட்டுச் சுவரில் மாட்டிவிடலாம். 1943-இல் ஹார்வர்டில் பேசிய சர்ச்சில்கூட இதை மெச்சினார். ஆனால் 850 என்ற எண் எப்படிக் கிடைத்தது என்று பார்க்க வேண்டும். ஆக்டன் வினைச்சொற்களில் கை வைத்தார். பதினெட்டை மட்டும் வைத்துக்கொண்டார். ‘கம்’, ‘கெட்’, ‘கிவ்’, ‘கோ’, ‘புட்’, ‘டேக்’ போன்றவை அவை. ‘என்டர்’ எதற்கு, ‘கோ இன்’ இருக்கிறதே என்றார். ‘டாலரேட்’ எதற்கு, ‘புட் அப் வித்’ போதாதா?

வகுப்பில் நின்று பாடம் எடுத்தவருக்கு இது போதாது என்பது தெரியும். ‘புட்’ என்றால் வை, ‘அப்’ என்றால் மேலே, ‘வித்’ என்றால் உடன். மூன்றும் தெரிந்த மாணவி ‘புட் அப் வித்’ என்பதைப் படித்தால், எதையோ எதனுடனோ மேலே வைக்கிறார்கள் என்றுதான் எண்ணுவாள். பொறுத்துக்கொள்வது என்ற பொருள் அந்த மூன்றில் எதிலும் இல்லை. ‘புட் ஆஃப்’ தள்ளிப்போடுதல், ‘புட் அவுட்’ அணைத்தல், ‘டேக் இன்’ ஏமாற்றுதல், ‘டேக் ஆஃப்டர்’ சாயலில் ஒத்திருத்தல் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாக மனப்பாடம் செய்ய வேண்டும். ‘டாலரேட்’ என்ற ஒரு சொல்லைப் படிப்பது இதைவிட எளிது. பட்டியலில் குறைந்த சுமை மாணவர் தலையில் ஏறிவிட்டது. அதோடு, ஆக்டனின் 850-இல் இடிக்கு இடம் உண்டு, நன்றிக்கு இல்லை. ‘மே’, ‘வில்’ உண்டு, ‘கேன்’ இல்லை. புதிய ஊரில் வாய் திறக்கிறவருக்கு முதலில் வேண்டியவை, விடுபட்ட இந்த இரண்டும்தான்.

வெஸ்ட் தொடங்கிய இடமே வேறு. வங்காளத்துப் பிள்ளைகளில் பெரும்பாலோர் படிப்பை நடுவில் விட்டுவிடுவதை அவர் கண்ணால் கண்டார். காப்பீட்டு பாலிசியை இடையில் முறித்தால் ஏதோ ஒரு தொகையாவது கைக்கு வருகிறதே, அதுபோல எந்த வகுப்பில் நின்றுபோனாலும் அந்தப் பிள்ளைக்குக் கற்ற ஆங்கிலத்தால் பயன் இருக்க வேண்டும் என்றார். இதைச் ‘சரண்டர் வேல்யூ’ என்றே குறிப்பிட்டார். வாசகப் புத்தகங்களில் இருந்த ‘ஐல்’, ‘ஏர்’ போன்ற பழஞ்சொற்களை நீக்கி ‘ஐலண்ட்’, ‘பிஃபோர்’ என்று மாற்றினார். புதுச் சொற்கள் ஒரேயடியாக வந்து குவியாமல் பார்த்துக்கொண்டார். ‘பேசிக்’கை விரிவாக விமர்சித்து 1934-இல் சகாக்களுடன் டொரோண்டோவிலிருந்து ஒரு நூலும் வெளியிட்டார்.

1953 பட்டியலின் உண்மையான பலம் அதன் எண்ணிக்கையில் இல்லை. ஒவ்வொரு சொல்லின் கீழும் அதன் பல பொருள்கள் பிரிக்கப்பட்டு, எந்தப் பொருள் நூற்றுக்கு எத்தனை முறை வருகிறது என்று குறிக்கப்பட்டிருக்கிறது. ‘ரன்’ என்பதற்கு ஓடுதல், நீர் பாய்தல், தொழில் நடத்துதல் என்று பல பொருள்கள் இருக்க, எதை முதலில் சொல்லித்தருவது, எதை அடுத்த ஆண்டுக்கு விடுவது என்று ஆசிரியர் முடிவு செய்ய முடிகிறது. ஆக்டன் சொற்களை எண்ணினார். வெஸ்ட் பொருள்களையும் எண்ணினார். என் கணக்கில் இந்த ஒன்றே வெஸ்ட்டை உயர்த்திவிடுகிறது.

ஆக்டனிடம் கற்க ஒன்று உண்டு. தெரியாத சொல்லைத் தெரிந்த சொற்களால் விளக்கும் பயிற்சி அது. 1940-இல் வந்த அவருடைய அகராதி 20,000 சொற்களுக்கு அந்த 850-ஐ வைத்தே பொருள் சொன்னது. இந்தக் கலையில் வெஸ்ட்டும் சளைத்தவரில்லை. 1935-இலேயே எண்டிகாட்டுடன் சேர்ந்து 1,490 சொற்களில் விளக்கம் எழுதிய மாணவர் அகராதியை அவர் கொண்டுவந்திருந்தார். ‘லாங்மன்’ அகராதி 1978-இல் ஏறத்தாழ 2,000 சொற்களுக்குள் விளக்கங்களை அடக்கியது இந்த வழியில்தான்.

வெஸ்ட்டின் பட்டியலுக்கு வயதாகிவிட்டது. அதில் கம்ப்யூட்டருக்கு இடமில்லை. 2013-இல் பிரவுன், கல்லிகன், பிலிப்ஸ் மூவரும் ஏறத்தாழ 2,800 சொற்களோடு புதிய பட்டியல் ஒன்றைத் தந்தார்கள். எந்தச் சொல் எவ்வளவு வருகிறது என்பதற்கு அது நல்ல துணை. எந்தப் பொருள் எவ்வளவு வருகிறது என்று பார்க்க, நான் இன்னமும் 1953 புத்தகத்தைத்தான் எடுக்கிறேன்.